புரண்டு படுத்தால் பூமி சுற்றுதே!

இந்த இதழ் முழுக்கத் தலைச்சுற்றல் கேள்விகள்தான். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை படுக்கையில் தொடங்குகின்றன. நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.

விடியற்காலையில் வலப்பக்கம் புரண்டேன். அறையே சுழன்றது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்திவிட்டேன். ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிட்டது. மறுநாளும் அதே பக்கம், அதே கதை. மூளையில் ஏதாவது வெடித்துவிட்டதா?
— இல்லத்தரசி, கும்பகோணம்

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மூளை பத்திரமாகத்தான் இருக்கிறது அம்மா. காதுக்குள் ஏதோ இடம் மாறியிருக்கிறது.

உட்காதில் ஒரு சிறு பை. அதன் உள்ளே பசை போன்ற ஒரு படலம், படலத்தின் மேல் ஆயிரக்கணக்கான சுண்ணாம்புப் படிகங்கள். கிளிஞ்சலில் இருக்கும் அதே கால்சியம் கார்பனேட்தான். ஒவ்வொரு படிகமும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். தலை சாய்ந்த பக்கம் இவை படலத்தை இழுக்கின்றன. எது மேல், எது கீழ் என்று மூளைக்குத் தெரிவது இப்படித்தான். பைக்குப் பக்கத்திலேயே மூன்று அரைவட்டக் குழாய்கள் உண்டு. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்வது அவற்றின் வேலை. அவற்றுக்குள் திரவம் மட்டும்தான் இருக்க வேண்டும்.

வயது ஆக ஆக, அல்லது தலையில் அடிபட்டு, அல்லது நாள்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்து, பல சமயம் ஒரு காரணமும் இல்லாமலே, சில படிகங்கள் உதிர்ந்து குழாய்க்குள் போய்விடுகின்றன. பெரும்பாலும் பின்பக்கக் குழாயில். நீங்கள் புரளும்போது அவை உருண்டு திரவத்தைத் தள்ளுகின்றன. தலை நின்ற பிறகும் உருள்கின்றன. ஒரு காது "இன்னும் சுற்றுகிறோம்" என்கிறது, இன்னொரு காது "நின்றாயிற்று" என்கிறது. இரண்டு சாட்சிகளும் முரண்பட்டால் மூளை என்ன தீர்ப்புச் சொல்லும்? அறை சுழல்கிறது என்கிறது. படிகங்கள் குழாயின் அடியில் போய்த் தங்கியதும் சுழற்சி நின்றுவிடும். உங்களுக்கு ஒரு நிமிடத்துக்குள் நின்றது அதனால்தான். டாக்டர் சீட்டில் இதை "பிபிபிவி" என்று எழுதுவார். தலைச்சுற்றல் நோய்களில் அதிகம் காணப்படுவது இது. பெண்களுக்கும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் கூடுதலாக வருகிறது. உயிருக்கு ஆபத்தில்லை. விழுந்து எலும்பு முறிவதுதான் ஆபத்து. ஆகவே சரியாகும்வரை ஸ்டூல் போட்டுப் பரணில் ஏற வேண்டாம்.

அந்தக் கல்லைக் கரைக்க மருந்து உண்டா?
— அதே ஊர், இன்னொரு வாசகி

இல்லை. கரைக்கவும் வேண்டாம். உருட்டி வெளியே தள்ளினால் போதும். எப்படி என்று கீழே வருகிறது.

எனக்கும் இதே சுற்றல்தான். கழுத்து எக்ஸ்ரே எடுத்து "எலும்பு தேய்மானம்" என்றார்கள். பட்டை கட்டியிருக்கிறேன். மாதங்கள் ஓடிவிட்டன, குனிந்தால் இன்னும் சுற்றுகிறது.
— தையல் தொழிலாளி, ராஜபாளையம்

இந்தக் கடிதம்தான் என்னை அதிகம் வருத்துகிறது. ஏனென்றால் ஊர் ஊராக இதே கதை. ஐம்பதைத் தாண்டியவர்களுக்குக் கழுத்து எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள், பெரும்பாலோருக்குத் தேய்மானம் தெரியும். நரைமுடி மாதிரி வயதோடு வருவது அது. தேய்மானத்தால் கழுத்து வலிக்கலாம், கை மரத்துப்போகலாம். ஆனால் குனிந்தால், நிமிர்ந்தால், புரண்டால் சில நொடிகள் உலகமே சுழல்கிறது என்றால் முதலில் சோதிக்க வேண்டியது காதை. எக்ஸ்ரேயில் கழுத்து தெரியும், காதுப் படிகம் தெரியாது. தெரிந்ததன் மேல் பழி விழுகிறது.

பட்டையால் இன்னொரு தொல்லையும் உண்டு. கழுத்தை அசைக்காமல் வைத்திருப்பதால் சுற்றல் குறைந்தது போலத் தோன்றும். கழற்றிய அன்று திரும்ப வரும். வந்ததும் "பார், கழுத்துதான்" என்று இன்னும் இறுக்கிக் கட்டுவார்கள். காது-மூக்கு-தொண்டை மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். படுக்கவைத்துச் செய்யும் ஒரு சோதனை இருக்கிறது. ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

படுக்கவைத்து என்ன சோதனை? ஸ்கேன் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?
— கல்லூரி மாணவர், நாகர்கோவில்

கண்ணைப் பார்த்து.

1952இல் லண்டனில் மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் என்ற இரு மருத்துவர்கள் முறைப்படுத்திய சோதனை இது. நோயாளி மேசையில் கால்நீட்டி உட்கார்கிறார். தலையை ஒரு பக்கம் 45 டிகிரி திருப்பி, அப்படியே சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை மேசை விளிம்புக்குக் கீழே கொஞ்சம் தொங்கவிட்டுப் பிடித்துக்கொள்கிறார் மருத்துவர். "கண்ணை மூடாதீங்க, என்னையே பாருங்க." இரண்டு மூன்று நொடி ஒன்றுமே நடக்காது. பிறகு கருவிழி துடிக்கத் தொடங்கும். நெற்றிப் பக்கமாக வெட்டி வெட்டி, கூடவே கடிகார முள் போல ஒரு திருகலும். வேகம் ஏறும், உச்சிக்குப் போகும், தணியும், நிற்கும். நோயாளி மருத்துவரின் கையை நகம் பதியப் பிடித்திருப்பார். எழுப்பி உட்காரவைத்தால் கண் எதிர்த்திசையில் கொஞ்சம் துடிக்கும். எந்தக் காது தாழ்வாக இருக்கும்போது இது நடக்கிறதோ, அந்தக் காதின் பின்பக்கக் குழாயில்தான் படிகம். துடிப்பு பக்கவாட்டில் இருந்தால் வேறு குழாய், அதற்கு வேறு சோதனை.

இதற்கு ஒரு மேசை போதும். ஸ்கேனில் இந்தப் படிகங்கள் தெரியவே தெரியாது. அறிகுறி இவ்வளவு தெளிவாக இருக்கும்போது ஸ்கேனுக்குக் காசு கொட்டுவது வீண்.

தலையை உருட்டியே குணமாக்கினார் என் தோழியின் டாக்டர். நம்பவே முடியவில்லை. மந்திரமா?
— வங்கி ஊழியர், சேலம்

மந்திரம் என்றுதான் அந்தக் காலத்து டாக்டர்களே நினைத்தார்கள்! அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஜான் எப்லி என்ற காது மருத்துவர் இதைக் கண்டுபிடித்தார். படிகம் குழாய்க்குள் சுதந்திரமாக உருள்கிறது என்றால், குழாயைச் சரியான வரிசையில் திருப்பினால் அது வந்த வழியே வெளியேற வேண்டும் அல்லவா? 1980 வாக்கில் சக மருத்துவர்கள் முன் இதைச் சொன்னார். எடுபடவில்லை. மாத்திரையும் கத்தியும் இல்லாமல், தலையைத் திருப்பினால் நோய் போகும் என்றால் யார் நம்புவார்கள்? விரிவான கட்டுரை 1992இல்தான் வெளிவந்தது. இன்று உலகம் முழுக்க மருத்துவ வழிகாட்டிகள் முதலில் சொல்வது இதைத்தான்.

செய்முறை இதுதான். வலக்காது என்று வைத்துக்கொள்வோம். உட்கார்ந்து தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்ப வேண்டும். அப்படியே மல்லாக்கப் படுத்துத் தலையைக் கொஞ்சம் தொங்கவிட வேண்டும். சுற்றும், பயப்பட வேண்டாம். அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் காத்திருந்து, தலையைத் தூக்காமல் இடப்பக்கம் 90 டிகிரி திருப்ப வேண்டும். மறுபடி காத்திருப்பு. பிறகு உடம்பும் சேர்ந்து இடப்பக்கம் புரள வேண்டும், மூக்கு தரையைப் பார்க்கும்வரை. அங்கும் காத்திருந்து, மெல்ல எழுந்து உட்கார வேண்டும். குழாயைச் சுற்றி வந்த படிகம் பைக்குள் திரும்பிவிடும். மொத்தமே ஐந்து நிமிட வேலை. ஒன்றிரண்டு முறை செய்தாலே பெரும்பாலோருக்குச் சரியாகிவிடுகிறது.

வருஷக்கணக்காகத் தலையணையை மூன்றாக அடுக்கி, ஒரே பக்கம் படுத்து, கொடியில் துணி காயப்போடவே பயந்து வாழ்ந்த ஒருவர் அந்த மேசையிலிருந்து எழுந்து, நம்பாமல் இன்னொரு முறை தானாகவே படுத்துப் பார்ப்பார். "சுத்தலையே!" என்பார். மருத்துவத்தில் இவ்வளவு உடனடியாகக் கிடைக்கும் பலன்கள் குறைவு.

அப்படியானால் யூடியூபைப் பார்த்து நானே செய்துகொள்ளலாமே?
— ஐ.டி. ஊழியர், கோவை

முதல் முறை வேண்டாம். எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் உருட்டினால் பலன் இருக்காது. சில சமயம் படிகம் பக்கத்துக் குழாய்க்குப் போய் சுற்றல் கூடவும் செய்யும். மருத்துவர் பக்கத்தை உறுதிசெய்து, கற்றுக்கொடுத்து, அடுத்த தடவை வந்தால் வீட்டிலேயே செய்யலாம் என்று சொன்னால் தாராளமாகச் செய்யுங்கள், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு. கழுத்தில் அறுவை ஆனவர்கள், முதுகுத்தண்டுக் கோளாறு உள்ளவர்கள், கழுத்து இரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர்கள், விழித்திரை விலகல் உள்ளவர்கள் தாமாக முயலவே கூடாது.

உருட்டிவிட்ட பிறகு இரண்டு நாள் உட்கார்ந்தபடியே தூங்கச் சொன்னார்கள். முதுகு போச்சு!
— வாசகர், திண்டுக்கல்

பழைய பழக்கம். அவசியமில்லை என்று இப்போதைய வழிகாட்டிகள் சொல்கின்றன. முதுகை நீட்டிப் படுங்கள். ஓரிரு நாள் லேசாக மிதப்பது போல இருக்கும், அடங்கிவிடும்.

திரும்ப வருமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, மன்னார்குடி

வரலாம் டீச்சர். ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஒரு முறையாவது திரும்புகிறது. வந்தால் மறுபடி அதே ஐந்து நிமிட வைத்தியம்தான். முதல் தடவை இருந்த பீதி இரண்டாம் தடவை இருக்காது.

ஒன்று கேட்டுப் பாருங்கள்: வைட்டமின் டி. கொரியாவில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், குறைபாடு உள்ளவர்களுக்கு வைட்டமின் டியும் கால்சியமும் கொடுத்ததில் இந்தச் சுற்றல் திரும்ப வருவது ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. வெயில் கொளுத்தும் நம் ஊரிலேயே வைட்டமின் டி குறைந்தவர்கள் ஏராளம். இரத்தப் பரிசோதனை செய்து, குறைந்திருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் எடுங்கள்.

என் பாட்டி எல்லாத் தலைச்சுற்றலுக்கும் "பித்தம் தலைக்கேறிடுச்சு" என்று இஞ்சிச்சாறு கொடுப்பார். கொடுக்கலாமா?
— பேத்தி, ஒட்டன்சத்திரம்

கொடுக்கட்டும். இஞ்சி குமட்டலைக் கொஞ்சம் அடக்கும். படிகத்தை நகர்த்தாது. பாட்டியின் கையில் இஞ்சிச்சாறு வாங்கிக் குடித்துவிட்டு டாக்டரிடம் போங்கள். காதில் மட்டும் எண்ணெய் விட விடாதீர்கள்.

உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. எதுவும் சுழலவில்லை. இதுவும் காதா?
— ஆட்டோ ஓட்டுநர், வேலூர்

காதின் மேல் பழி வேண்டாம். எழும்போது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற பிறகும் பி.பி. பார்க்கச் சொல்லுங்கள். வெயிலில் வண்டி ஓட்டும் நீங்கள் தண்ணீர் போதுமான அளவு குடிக்கிறீர்களா? பி.பி. மாத்திரையின் அளவு கூடிவிட்டதா? இரத்தசோகை, சர்க்கரை இரண்டையும் பார்த்துவிடுங்கள். அடிக்கடி இப்படி வந்தால், சரியாகும்வரை வண்டியை எடுக்க வேண்டாம்.

எங்கள் மாமனாருக்கு வயது 74. தலைச்சுற்றலுக்கு மூன்று வருஷமாக மாத்திரை. இப்போது கை நடுங்குகிறது, நடை தளர்ந்து காலைத் தேய்த்து நடக்கிறார். வயதுதானே என்கிறார்கள்.
— மருமகள், பட்டுக்கோட்டை

வயது என்று விட்டுவிடாதீர்கள் அம்மா. அந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள். புரோகுளோர்பெரசின் அல்லது சின்னாரிசின் என்று இருந்தால், அட்டையோடு இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். இவ்விரண்டும், முக்கியமாக முதியவர்களுக்கு, மாதக்கணக்கில் கொடுத்தால் பார்கின்சன் நோய் போலவே நடுக்கத்தையும் விறைப்பையும் உண்டாக்கக்கூடியவை. மருந்தை நிறுத்தினால் பலருக்கு மெல்ல மெல்லக் குறையும். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவர் சொல்லி நிறுத்துங்கள்.

தலைச்சுற்றலை அடக்கும் மாத்திரைகள் மோசமானவை அல்ல. சுற்றலோடு வாந்தி வாந்தியாக வரும் முதல் இரண்டு மூன்று நாளைக்கு அவை பெரிய துணை. ஆனால் அவை மூளையை மந்தப்படுத்தித்தான் சுற்றலை மறைக்கின்றன. ஒரு காது கெட்டால் மற்ற காதையும் கண்ணையும் காலையும் வைத்துச் சமாளிக்க மூளை தானாகக் கற்றுக்கொள்ளும். மந்தமான மூளை எப்படிக் கற்கும்? தெருமுனை மருந்துக்கடையில் "சுத்தலுக்கு ஒரு அட்டை" என்று வாங்கி மாதக்கணக்கில் போடுவது குணத்தையே தள்ளிப்போடுகிறது. மாமனார் படுக்கும்போதும் புரளும்போதும் சுற்றுகிறதா என்றும் கேளுங்கள். ஆமென்றால், இந்த மூன்று வருஷமும் அவருக்குத் தேவைப்பட்டது அந்த ஐந்து நிமிட வைத்தியமாகவே இருக்கலாம்.

பீட்டாஹிஸ்டின் மாத்திரை எப்படி?
— மருந்தாளுநர், ஈரோடு

நடுக்கம் தராது, அந்த வகையில் நல்லது. ஆனால் எல்லாச் சுற்றலுக்கும் அதையே எழுதுவது சரியல்ல. படிகச் சுற்றலுக்கு அது வைத்தியமே அல்ல. மெனியேர் நோய்க்குத்தான் அது பெயர் பெற்றது. அங்கும்கூட, ஜெர்மனியில் 221 பேரிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில் வெறும் மாவு மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. சிலருக்குக் கேட்கிறது என்று மருத்துவர்கள் இன்னும் எழுதுகிறார்கள். அளவோடு, காலக்கெடுவோடு எழுதினால் குறை சொல்ல மாட்டேன்.

மெனியேர் என்றால் என்ன? எனக்குச் சுற்றலோடு ஒரு காது அடைத்து, "ஙொய்" என்று இரைகிறது. மணிக்கணக்கில் வாந்தி.
— விற்பனைப் பிரதிநிதி, மதுரை

நீங்களே பாடப்புத்தகம் போல எழுதிவிட்டீர்கள். 1861இல் பாரிஸ் மருத்துவர் பிராஸ்பர் மெனியேர்தான், இப்படிப்பட்ட சுற்றல் மூளையிலிருந்து அல்ல, உட்காதிலிருந்து வருகிறது என்று முதலில் சொன்னவர். அதுவரை இதை மூளைக்கோளாறாகவே நினைத்தார்கள். உட்காதுத் திரவம் மிகுந்து வீங்குவதோடு தொடர்புடைய நோய் இது. ஒரு தாக்குதல் இருபது நிமிடத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம்வரை நீடிக்கும். கேட்கும் திறன் ஏறி இறங்கும், நாளடைவில் குறையவும் செய்யும். ஆகவே செவித்திறன் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

முதல் படி உப்பைக் குறைப்பது. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றுக்கும் விடை கொடுங்கள். அடுத்து, தேவைப்பட்டால் நீர் பிரியும் மாத்திரை. அதற்கும் அடங்காதவர்களுக்குச் செவிப்பறை வழியே நடுக்காதில் ஸ்டீராய்டு ஊசி, அதற்கும் மேலே ஜென்டமைசின் ஊசி.

ஒருவரைச் சொல்கிறேன். 1961இல் விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கர் ஆலன் ஷெப்பர்ட். அதற்குப் பிறகு இதே நோய் அவரைத் தாக்கியது. பறக்கக் கூடாது என்று தரையில் உட்காரவைத்துவிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் அலுவலக மேசையில் இருந்துவிட்டு, லாஸ் ஏஞ்சலஸில் உட்காதில் அறுவை செய்துகொண்டார். சுற்றல் நின்றது. 1971இல் அப்போலோ 14இன் தலைவராக நிலவில் நடந்தார். அந்த அறுவை எல்லோருக்கும் கைகொடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனாலும், இந்த நோய் வந்தால் வாழ்க்கை முடிந்தது என்று யாராவது சொன்னால் ஷெப்பர்டின் பெயரைச் சொல்லுங்கள்.

மிஸ், தட்டாமாலை சுற்றிவிட்டு நின்றால் ஏன் வீடு மட்டும் நிற்காமல் சுற்றுகிறது?
— ஐந்தாம் வகுப்பு, உத்திரமேரூர் (அம்மா கைப்பட எழுதியது)

செம்பில் தண்ணீர் எடுத்து, செம்பைச் சுழற்றிச் சட்டென்று நிறுத்திப் பார் கண்ணு. செம்பு நின்றாலும் உள்ளே தண்ணீர் சுழன்றுகொண்டே இருக்கும். உன் காதுக் குழாய்த் திரவமும் அப்படித்தான். அது நிற்கும்வரை வீடு சுற்றும். சுவர் பக்கத்தில் சுற்றாதே.

கொல்லிமலை பேருந்தில் எழுபது வளைவுக்குள் என் குடலே வெளியே வந்துவிடுகிறது. ஓட்டுநருக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆவதில்லை?
— பயணி, நாமக்கல்

அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று அவருக்கு முன்பே தெரியும். அவர் மூளை தயாராக இருக்கிறது. உங்கள் காது "வளைகிறோம்" என்கிறது, செல்போனைப் பார்க்கும் உங்கள் கண் "அசையவே இல்லை" என்கிறது. முன் இருக்கையில் உட்காருங்கள், தூரத்துச் சாலையைப் பாருங்கள், செல்போனைப் பைக்குள் போடுங்கள். மாத்திரை போடுவதானால் பேருந்து கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும், அடிவாரக் காரவள்ளி தாண்டிப் போட்டுப் பயனில்லை.

காதுக்குள் வெந்நீரும் குளிர்ந்த நீரும் மாற்றி மாற்றி விட்டுச் சோதித்தார்கள். தலை சுற்றியது. இப்படி ஒரு சோதனையா!
— வாசகர், புதுச்சேரி

நோபல் பரிசு வாங்கிய சோதனை ஐயா அது! வியன்னாவில் ராபர்ட் பாராணி என்ற இளம் மருத்துவர் நோயாளிகளின் காதைத் தண்ணீர் விட்டுக் கழுவுவார். தலை சுற்றுகிறது என்று நோயாளிகள் புகார் சொல்வார்கள். ஒருவர், தண்ணீர் குளிர்ந்திருந்தால்தான் சுற்றுகிறது என்றார். சரி என்று வெந்நீரை விட்டால் அப்போதும் சுற்றியது, ஆனால் கண் எதிர்ப்பக்கம் துடித்தது. பாராணி அங்கேயே பிடித்துக்கொண்டார்: சூடும் குளிரும் குழாய்த் திரவத்தை எதிரெதிர்த் திசையில் ஓடவைக்கின்றன. இரண்டு காதையும் தனித்தனியே எடைபோட ஒரு வழி கிடைத்தது. 1914ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் அவருக்கு. அறிவிப்பு வந்தபோது முதல் உலகப்போரில் சிறைப்பட்டு ரஷ்ய முகாமில் இருந்தார். சுவீடன் தலையிட்டு 1916இல் விடுவித்தது. முதலில் பேசிய அந்தப் படிகச் சுற்றலை 1921இல் விவரித்தவரும் இவர்தான்.

ஒரு வாரம் முன்பு திடீரென்று சுற்றத் தொடங்கி, இரண்டு நாள் விடவே இல்லை. காது நரம்பில் வீக்கம் என்றார்கள். இப்போது பரவாயில்லை, எழுந்தால் தள்ளாடுகிறது. எத்தனை நாள் படுக்கையில் இருக்க வேண்டும்?
— வாசகர், தூத்துக்குடி

இனி ஒரு நாளும் வேண்டாம். எழுந்திருங்கள்.

பெரும்பாலும் வைரஸ் தாக்கத்தால் சமநிலை நரம்பு ஒரு பக்கம் செயலிழக்கிறது. முதல் இரண்டு மூன்று நாள் மருந்தும் ஓய்வும். அதற்குப் பிறகு அசைவுதான் மருந்து. ஒரு விரலைக் கண்முன் நிறுத்தி, பார்வையை அதிலேயே வைத்துத் தலையை மட்டும் வலமும் இடமும் ஆட்டுங்கள். சுவரோரம் நடங்கள். நடந்தபடியே பக்கவாட்டில் பாருங்கள். கொஞ்சம் சுற்றும், சுற்றட்டும். காது தரும் அந்தத் தவறான செய்தியைப் பார்த்துத்தான் மூளை திருத்திக்கொள்ளும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனில் கத்தோர்ன், குக்ஸி என்ற இருவர் தலைக்காயப்பட்டவர்களுக்காக வகுத்த பயிற்சிகளே இதற்கான இன்றைய பிசியோதெரபியின் அடிப்படை. பயந்து அசையாமல் கிடப்பவர்களுக்குத் தள்ளாட்டம் மாதக்கணக்கில் நீடிக்கிறது.

காசநோய்க்கு ஊசி போட்ட பிறகு சுற்றல் இல்லை, ஆனால் நடந்தால் எதிரே தெரியும் பெயர்ப்பலகை எல்லாம் குதிக்கிறது. இருட்டில் நடக்கவே முடியவில்லை.
— வாசகர், கிருஷ்ணகிரி

ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டமைசின் வகை ஊசிகள் இரண்டு காதின் சமநிலை உறுப்பையும் சேர்த்துக் கெடுக்கக்கூடும். இரண்டும் ஒரே அளவு கெட்டால் சுழற்சி இருக்காது, நீங்கள் சொல்லும் இந்தக் குதிப்புதான் இருக்கும். 1952இல் ஒரு மருத்துவர், ஸ்ட்ரெப்டோமைசினால் தனக்கே நேர்ந்ததை எழுதினார். படுக்கையில் புத்தகம் படிக்க, கட்டிலின் தலைமாட்டுக் கம்பிகள் இரண்டுக்கு நடுவே தலையைச் செருகி வைத்துக்கொள்வாராம். இல்லாவிட்டால் நாடித் துடிப்புக்கே எழுத்துகள் ஆடுமாம். தலை அசையும்போது பார்வையை நிலைநிறுத்த இந்த உறுப்பு எவ்வளவு உழைக்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். உங்களுக்குப் பயிற்சி உதவும், முழுக்கத் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. வீட்டில் இரவு விளக்கு எரியட்டும், கையில் ஒரு கோல் இருக்கட்டும். குளத்திலும் ஆற்றிலும் முங்கிக் குளிக்காதீர்கள், தண்ணீருக்குள் மேல் கீழ் தெரியாது. இந்த ஊசி போடும் எவரும் காது இரைச்சலோ தள்ளாட்டமோ வந்தால் அன்றே சொல்ல வேண்டும்.

சுற்றல் வந்தால் எனக்கு வெளிச்சமும் சத்தமும் ஆகாது. தலைவலி சில சமயம் வருகிறது, சில சமயம் இல்லை.
— செவிலியர், விழுப்புரம்

ஒற்றைத் தலைவலியின் இன்னொரு முகமாக இருக்கலாம். ஐந்து நிமிடமும் இருக்கும், மூன்று நாளும் இருக்கும். இரவுப் பணி, தவறிய தூக்கம், தவறிய சாப்பாடு மூன்றும் இதைத் தூண்டும். குறித்து வையுங்கள். அடிக்கடி வந்தால் தடுப்பு மருந்துகள் உண்டு, நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

முடிவெட்டும்போது கழுத்தில் சொடக்கு எடுத்தால் சுற்றல் போகுமா?
— வாசகர், திருப்பூர்

போகாது. வேண்டவே வேண்டாம். சட்டென்று திருகும்போது கழுத்துக்குள் மூளைக்குப் போகும் இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. "முடி மட்டும் போதும் அண்ணே" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

எந்தச் சுற்றலுக்கு உடனே ஓட வேண்டும்?
— பலர்

வெட்டி எடுத்துக் கதவில் ஒட்டிக்கொள்ளுங்கள். சுற்றலோடு வாய் கோணல், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கை கால் வலுவிழப்பு, இதுவரை இல்லாத கடும் தலைவலி, ஒரு காது திடீரென்று கேட்காமல் போவது, பிடித்துக்கொண்டும் நிற்க முடியாத தள்ளாட்டம் — இதில் ஒன்று இருந்தாலும் 108. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவருக்கு முதன்முறையாகத் தொடங்கி நிற்காமல் சுற்றினால், வேறு அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போங்கள். சிறுமூளைப் பக்கவாதம் வெறும் தலைச்சுற்றலாகவும் வரும். அடைப்பைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன். "பித்தம், படுத்து எழுந்தால் சரியாகும்" என்று அந்த நேரத்தைத் தொலைக்காதீர்கள்.

சி.டி. ஸ்கேன் சரியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினாலும் தள்ளாட்டம் கடுமையாக இருந்தால் விடாதீர்கள், தொடக்கத்தில் சி.டி. இதைத் தவறவிடும். 2009இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், பயிற்சி பெற்ற மருத்துவர் கண்ணசைவை மூன்று விதமாகப் பார்த்துச் சொன்னது, தொடக்கத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ.யைவிடத் துல்லியமாகப் பக்கவாதத்தைக் கண்டுபிடித்தது.

எந்த டாக்டரிடம் போவது? என்ன சொல்வது?
— வாசகி, அறந்தாங்கி

அவசர அறிகுறி இல்லையென்றால் காது-மூக்கு-தொண்டை மருத்துவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. "தலை சுத்துது" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எப்படி அசைந்தால் வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, காது கேட்பதில் மாற்றம் உண்டா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் — இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சுற்றும்போது வீட்டில் யாரையாவது உங்கள் கண்ணைச் செல்போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். மருத்துவரிடம் போகும்போது சுற்றல் நின்றிருந்தாலும் அந்தப் படம் பேசும். மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும் முன், "டாக்டர், ஒரு தடவை படுக்கவெச்சுக் கண்ணைப் பாத்துடுங்களேன்" என்று தயங்காமல் கேளுங்கள்.